மருதூர் முதல் மேட்டுக்குப்பம் வரை – வணிகர் நடந்து பார்க்க வேண்டிய வழி

சரக்கு நிலவரம், வரி விவரம், எடைக்கல் முத்திரை என்று எழுதிவந்த இப்பக்கத்தில், இம்முறை காலால் நடந்து போகும் ஒரு வழியைப் பற்றி எழுதுகிறோம். கடைக்காரனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் அன்பர்கள் பாதி வரையாவது படித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

நம் வட்டாரத்து மளிகைக்காரர்களில் வடலூருக்குப் போகாதவர் அநேகமாக இருக்க மாட்டார். தைப்பூசம் வந்தால் கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு வண்டியெடுத்துப் புறப்படுவோம். நெரிசலில் நின்று ஜோதி தரிசனம் பார்ப்போம். தருமச்சாலையில் ஒரு கை சோறு உண்டு, மாலை வியாபாரத்துக்குள் கல்லாவில் வந்து உட்கார்ந்துவிடுவோம். நாமும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படித்தான் போய் வந்தோம். வள்ளலார் பிறந்த ஊர் எது, குடியிருந்த ஊர் எது, அவர் எந்த வழியாக நடந்தார் என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

சர்க்கரை கூடிவிட்டது, தினமும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் நம் கால் கடையை விட்டு வெளியே வந்தது. நம்மைப் போலவே நடக்கச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் இன்னும் மூவர் சேர்ந்தார்கள்: ஓர் அரிசி மண்டிக்காரர், ஓர் எண்ணெய்க் கடைக்காரர், ஒரு விறகுத் தொட்டிக்காரர். நமக்குப் பருப்பு, பயறு மொத்த வியாபாரம். கடலூர் முதுநகரில் கிடங்கு. கடற்கரையில் நடந்து அலுத்துப்போன ஒரு நாள், வள்ளலார் வாழ்ந்த ஊர்களை அவர் வாழ்ந்த வரிசையிலேயே நடந்து பார்த்தால் என்ன என்று அரிசி மண்டிக்காரர் கேட்டார். அப்படிக் கிளம்பியதுதான் இந்த நடை.

வரிசை இது. மருதூரில் பிறப்பு. கருங்குழியில் ஒன்பது ஆண்டுக் குடியிருப்பு. வடலூரில் தருமச்சாலையும் ஞானசபையும். மேட்டுக்குப்பத்தில் கடைசி மூன்று நான்கு ஆண்டுகள். நான்கும் நம் கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. மருதூர் மட்டும் சற்றுத் தள்ளி, புவனகிரிப் பக்கமாக இருப்பதால் அங்கே வண்டியில் போனோம். மற்ற மூன்றும் ஒரே நாளில் வயதானவர்களும் நடந்துவிடக்கூடிய தூரத்தில்தான் இருக்கின்றன.

மருதூரில் பார்ப்பதற்கு அதிகமில்லை. 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் இராமலிங்கம் பிறந்த இடத்தில் நினைவு இல்லம் இருக்கிறது. விளக்கு எரிகிறது, உட்கார்ந்து படிக்க இடம் இருக்கிறது. குழந்தை பிறந்து சில மாதங்களிலேயே தகப்பனார் காலமாகிவிட, தாயார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பொன்னேரிப் பக்கத்துக்கும் பிறகு சென்னைக்கும் போய்விட்டார். அப்பன் போன வீட்டில் மூத்த பிள்ளை பாரம் சுமப்பது நம் குடும்பங்களில் நாம் பார்த்ததுதான். மூத்தவர் சபாபதி புராணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். ஒரு நாள் அவருக்கு உடல்நலம் இல்லாதபோது, முத்தியாலுப்பேட்டையில் ஒரு செட்டியார் வீட்டில் நடந்துவந்த பிரசங்கத்துக்கு இளையவரை அனுப்பிவைத்தார் என்றும், அன்று ஊர் வியக்கப் பேசினார் என்றும் வரலாற்றில் சொல்லப்படுகிறது. அவருடைய முதல் மேடை ஒரு வணிகர் வீட்டுக் கூடம் என்று சொன்னதும், எண்ணெய்க் கடைக்காரர் தாமே அந்த வீட்டுக்காரர் போல நிமிர்ந்து நின்றார்.

சென்னையில் ஏழுகிணறுப் பகுதியில் வாழ்ந்தவர் 1858இல் அந்நகரை விட்டுச் சிதம்பரம் பக்கம் வந்தார். வந்து தங்கிய ஊர் கருங்குழி. இங்கேதான் நாங்கள் வண்டியை அனுப்பிவிட்டு இறங்கிக்கொண்டோம்.

கருங்குழியில் அவர் தங்கியிருந்தது வேங்கட ரெட்டியார் என்னும் மணியக்காரர் வீடு. 1858 முதல் 1867 வரை அங்கே இருந்தார். சிதம்பரத்துக்கு அடிக்கடி போய்வருவதும், திரும்பி வந்து இரவெல்லாம் விளக்கு வைத்து எழுதுவதுமாக இருந்த காலம் அது. 1865இல் சமரச வேத சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கியதும் இக்காலத்தில்தான். அந்த வீடு இப்போது வழிபாட்டு இடமாகப் பேணப்படுகிறது. தண்ணீரால் விளக்கு எரித்த இல்லம் என்றால் சிறு பிள்ளையும் வழிகாட்டும்.

அந்தக் கதையைக் கடைக்காரர் கண்ணால் பார்க்க வேண்டும். வீட்டு அம்மையார் முத்தியாலம்மாள் நாள்தோறும் விளக்குக்கு எண்ணெய்க் கலயம் வைப்பது வழக்கம். ஒரு நாள் எண்ணெய்க் கலயம் உடைந்துபோயிற்று. புதுக் கலயம் வாங்கி, அதைப் பழக்குவதற்காகத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். வெளியூர் போகும் அவசரத்தில் அதை அப்படியே விட்டுவிட்டார். புது மண்பாண்டத்தில் நேராக எண்ணெய் ஊற்றினால் பாண்டம் எண்ணெயைக் குடித்துவிடும் என்பது அந்தக் காலத்துக் குடும்பப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். இப்போது பாக்கெட் எண்ணெய் வாங்கும் மருமகள்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். இராமலிங்கர் அந்தக் கலயத்தில் இருந்தது எண்ணெய் என்று எண்ணி, எழுதிக்கொண்டே அவ்வப்போது விளக்கில் ஊற்றினார். விளக்கு விடியும்வரை எரிந்தது. திரும்பி வந்து பார்த்த அம்மையார் திகைத்துப்போனார். கதை இவ்வளவுதான்.

நம்பிக்கை அவரவர் மனம். நமக்குத் தைத்தது வேறு. இரவில் விடாமல் எழுதும் ஒரு விருந்தாளிக்கு ஒன்பது ஆண்டுகள் ஒரு குடும்பம் எண்ணெய் ஊற்றியிருக்கிறது. அன்றைய எண்ணெய் விலைக்கு அது சின்னச் செலவில்லை. வேங்கட ரெட்டியார் வீட்டுக் கணக்கில் அந்த எண்ணெயை எந்தப் பற்றில் எழுதியிருப்பார் என்று எண்ணெய்க் கடைக்காரரிடம் கேட்டோம். “எழுதியிருக்க மாட்டார்” என்றார்.

கருங்குழியிலிருந்து வடலூருக்கு நடந்தோம். நெல்வயல், நடுவில் வாய்க்கால், அங்கங்கே பனை. நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து இறைத்து விடும் தண்ணீர் இப்பக்கத்து ஏரிகளுக்கும் வாய்க்கால்களுக்கும் வருவதால், மழை பொய்த்த வருடத்திலும் இங்கே கொஞ்சம் பச்சை தெரியும். பொறுமையாக நடந்தால் வெயில் ஏறுவதற்குள் பார்வதிபுரம் வந்துவிடும். இந்த ஊரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வள்ளலார் ஏழைகளுக்குச் சோறிடும் சாலை அமைக்க இடம் கேட்டபோது, 80 காணி நிலத்தை எழுதிக் கொடுத்தவர்கள் இந்த ஊர் மக்கள். இன்றைய கணக்கில் நூறு ஏக்கருக்கு மேல். இன்றும் தைப்பூசக் கொடியேற்றத்துக்கு இவ்வூரார் வரிசைத் தட்டுகளோடு ஊர்வலமாக வருகிறார்கள். தானம் கொடுத்தவன் பேரன் சீர் கொண்டு வருவதை வேறெங்கும் நாம் பார்த்ததில்லை. பெரும்பாலும் வழக்குத்தான் கொண்டு வருவான்.

தருமச்சாலை 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் தொடங்கப்பட்டது. திருவருட்பா முதன்முதல் அச்சேறி வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். பாட்டுப் புத்தகம் வெளிவந்த ஆண்டிலேயே அடுப்பையும் மூட்டியவர் அவர். அன்று மூட்டிய நெருப்பு இன்றுவரை அணையாமல் காக்கப்படுகிறது. அடுப்பின் நீளம் 21 அடி. ஓர் அடுப்பில் அடுத்தடுத்துப் பல அண்டாக்களை வைக்கும்படியான அமைப்பு. சாதி, மதம், ஊர் எதுவும் கேட்காமல் மூன்று வேளையும் சோறு போடுகிறார்கள். தொடங்கிப் பத்தாண்டு கூட ஆகவில்லை, 1876இல் தாது வருடப் பஞ்சம் வந்தது. சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானவர் மாண்ட பஞ்சம் அது. தானிய விலை எட்டாத உயரத்துக்குப் போன அந்த நாட்களிலும் இந்த அடுப்பு எரிந்தது என்றால், எவரோ ஒருவர் அரிசி அனுப்பியிருக்க வேண்டும். அவரைத்தான் நாம் நினைத்துக்கொண்டோம். அவர் நம்மைப் போல ஒரு வியாபாரியாகவோ, களத்துமேட்டில் அளந்து விட்ட ஒரு விவசாயியாகவோ இருந்திருப்பார்.

இங்கே நம் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சங்கத்தில் சிலருக்கு மட்டுமே தெரியும்.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது அன்பர்களுக்கு நினைவிருக்கும். பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த புயல். நம் கிடங்கின் ஓடு பறந்து, துவரம்பருப்பு மூட்டைகள் நனைந்துபோயின. நல்லதைத் தனியாகப் பிரித்தோம். நனைந்ததை மாடியில் கொட்டி உலர்த்தினோம். உலர்ந்ததும் பார்வைக்குப் பருப்பு பருப்பாகத்தான் இருந்தது. முகர்ந்தால் தெரியும். நனைந்து காய்ந்த பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் வேகாது என்பதும் நமக்குத் தெரியாததல்ல. சில்லறைக் கடைக்காரர் யாரும் அதைத் தொட மாட்டார். அடுத்த ஐந்து வாரத்தில், 2012 பிப்ரவரி 7ஆம் நாள் தைப்பூசம் வந்தது. வடலூர்ச் சாலையோரம் பந்தல் போட்டு அன்னதானம் செய்யும் ஒரு குழுவினர், ஆண்டுதோறும் போல நன்கொடை கேட்டு வந்தார்கள். ஆறு மூட்டை தருகிறோம் என்றோம். அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அந்த ஆறும் மாடியில் காய்ந்த மூட்டைகள்.

மறுநாள் காலையில் அந்தக் குழுவின் சமையல்காரப் பெரியவர் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு நம் கடை வாசலில் வந்து இறங்கினார். சத்தம் போடவில்லை. கடையில் ஆள் நின்றிருந்ததால் ஓரமாக நம்மை அழைத்தார்.

“ஐயா, இந்தப் பருப்ப உங்க வூட்ல வேக வெப்பீங்களா?”

புயலில் நமக்கு நேர்ந்த நட்டத்தைச் சொல்லத் தொடங்கினோம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“நட்டம் எல்லாருக்குந்தாங்க ஐயா. பந்தல்ல வந்து குந்தப் போறவனுக்கு ஓடும் இல்ல, கூரையும் இல்ல. இத மாட்டுத் தீவனத்துக்குக் குடுத்துடுங்க. பருப்பு இல்லன்னா ரசம் வெச்சிக்கிறோம். அதுல ஒண்ணும் கொறையில்ல.”

மூன்று மூட்டை நல்ல பருப்பை ஏற்றிவிட்டோம். மீதி மூன்றுக்கு அப்போது கையில் சரக்கில்லை என்று சொன்னோம். சரக்கு இருந்தது. விலை ஏறிக்கொண்டிருந்த நேரம். அந்தப் பெரியவர் அதற்குப் பிறகு நம் கடைக்கு வரவேயில்லை.

தருமச்சாலையில் பந்தியில் உட்கார்ந்து உண்டபோது இதை நண்பர்கள் மூவரிடமும் சொன்னோம். அரிசி மண்டிக்காரர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுத் தம் கதை ஒன்றைச் சொன்னார். அதை எழுத அவர் அனுமதிக்கவில்லை. சரக்கு வைத்திருக்கும் எவனிடமும் இப்படி ஒரு கதை இருக்கும் என்று மட்டும் எழுதச் சொன்னார்.

சமையல் செய்வோரிடம் விசாரித்தும் நம் தொழில் அனுபவத்தைக் கொண்டும் சில விவரங்களை இங்கே தருகிறோம். அன்னதானத்துக்கு அரிசி அனுப்பும் நம்மவர்கள் பலர் கடையில் மிச்சமான பல ரகங்களை ஒன்றாகக் கலந்து ஒரு மூட்டையாகக் கட்டி அனுப்புகிறோம். வீட்டுப் பானையில் அது தெரியாது. பெரிய அண்டாவில் ஒரு ரகம் குழையும்போது இன்னொரு ரகம் விதையாக நிற்கும். சமையல்காரர் எந்தப் பக்கமும் போக முடியாது. ஒரே ரகமாக அனுப்ப வேண்டும். புது அரிசியைவிடப் பழைய அரிசி நல்லது. சோறு காணும், குழையாது. விலை சற்றுக் கூடினாலும் மூட்டைக்கு இன்னும் பலர் உண்பார்கள் என்பதால் கணக்குப் பார்த்தாலும் அதுவே இலாபம். பருப்பு சென்ற வெள்ளாமையின் பருப்பாக இருக்கட்டும். புளியில் கொட்டையும் நாரும் நீக்கி அனுப்பினால் ஆள் கூலி மிச்சம். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான சிப்பங்களுக்கு வரி வந்த பிறகு, அரிசி 26 கிலோ மூட்டையாக வரத் தொடங்கியது எல்லாரும் அறிந்ததே; மூட்டைக் கணக்குச் சொல்லி நன்கொடை அறிவிக்கும்போது எத்தனை கிலோ மூட்டை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் சமையற்கட்டில் குழப்பம் வராது. விறகுத் தொட்டிக்காரர் தம் பங்குக்கு ஒன்று சொன்னார்: எல்லாரும் அரிசி அனுப்புகிறார்கள், விறகை யாரும் நினைப்பதில்லை, அடுப்பு அரிசியால் எரிவதில்லை. காய்ந்த சவுக்குக் கட்டையும் தானம்தான் என்பது அவர் வாதம். தொழில் பக்தி என்று கேலி செய்தோம், ஆனால் பேச்சில் நியாயம் இருக்கிறது.

நம் தகப்பனார் காலத்தில் மகமை என்று ஒன்று இருந்தது. மூட்டைக்கு இவ்வளவு என்று விற்பனையின்போதே ஒதுக்கி, தனிச் சிட்டையில் எழுதி, ஆண்டு முடிவில் கோயிலுக்கோ பள்ளிக்கோ சத்திரத்துக்கோ கொடுப்பார்கள். அந்தப் பணம் இலாபத்தில் சேராது. இலாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் ஒதுங்கிவிடும். மகமை இருந்தவரை, விற்காத சரக்கைத் தருமத்துக்குத் தள்ளும் எண்ணம் வர வழியில்லை; ஏனெனில் தருமத்துக்கு என்று தனிக் காசு இருந்தது. கணினியில் கணக்கு வந்த பிறகு நம் கடையில் அந்தச் சிட்டை நின்றுபோயிற்று. இந்த நடை முடிந்த மறுவாரம் ஒரு நோட்டு வாங்கி மறுபடியும் தொடங்கியிருக்கிறோம். முதல் பக்கத்தில் முதல் வரவுக்கு மேலே, பழைய பாக்கி மூன்று மூட்டை என்று எழுதிவைத்திருக்கிறோம்.

சாலையிலிருந்து சில அடி தூரத்தில் பெருவெளியும் அதன் நடுவே சத்திய ஞானசபையும். வடலூரை உத்தர ஞான சிதம்பரம் என்று வள்ளலார் பெயரிட்டு அழைத்தார். 1871இல் கட்டத் தொடங்கி, 1872 ஜனவரி 25ஆம் நாள் தைப்பூசத்தன்று சபை வழிபாடு தொடங்கியது. எண்கோண வடிவக் கட்டடம். உள்ளே கண்ணாடியும் அதற்குப் பின்னே ஜோதியும். முன்னே ஏழு திரைகள். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கடைசியாகப் பல வண்ணக் கலப்பு. மாதப் பூசத்தில் ஆறு திரைகளை விலக்குவார்கள். தைப்பூசத்தில் மட்டும் ஏழையும் விலக்குவார்கள். தைப்பூச நாளில் காலை 6 மணிக்குத் தொடங்கி, மறுநாள் விடியற்காலை வரை ஆறு காலம் தரிசனம் நடக்கிறது. திரை என்பது மனிதனுக்குள் இருக்கும் அறியாமை, ஒவ்வொன்றாக விலகினால் உள்ளே இருக்கும் ஒளி தெரியும் என்பது அவர் கொள்கை. கொலையையும் புலாலையும் விட்டவர்களே சபைக்குள் போகலாம் என்பது அங்குள்ள விதி. மற்றவர்கள் வெளியில் நின்று வணங்குகிறார்கள். அங்கே தேங்காய் உடைப்பதில்லை, அர்ச்சனைத் தட்டு இல்லை. கோயில் வாசலில் பூசைச் சாமான் விற்றே மூன்று தலைமுறை பிழைத்த நம் உறவினர் ஒருவர், இப்படி ஒரு சாமி இருந்தால் நாம் எப்படிப் பிழைப்பது என்று கேட்டது நினைவுக்கு வந்தது.

பெருவெளியைப் பற்றி ஒரு சொல். வியாபாரியின் கண்ணுக்குக் காலி இடம் பட்டால் கடை போடத்தான் தோன்றும். 2024 பிப்ரவரியில் அந்த வெளியில் தமிழக அரசு வள்ளலார் சர்வதேச மையத்துக்கு அடிக்கல் நாட்டியது. அந்த இடத்தில் கட்டக் கூடாது என்று பார்வதிபுரம் மக்களும் அன்பர்கள் பலரும் எதிர்த்தார்கள். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. சட்டம் பேசுவது நம் வேலையில்லை. ஆனால் தைப்பூசத்தன்று இலட்சக்கணக்கானவர் நின்று ஜோதி பார்க்க அந்த வெறும் தரை எப்படி உதவுகிறது என்பதை, கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளில் வெயிலில் குறுக்கே நடந்து பார்த்தால்தான் புரிகிறது. வண்டியில் வந்து போன முப்பது ஆண்டுகளில் அதன் அளவு நமக்குத் தெரியவில்லை.

மாலையில் வெயில் தாழ்ந்ததும் மேட்டுக்குப்பத்துக்குக் கிளம்பினோம். வழி கருங்குழி வழியாகவே போகிறது. காலையில் வந்த பாதையிலேயே பாதி தூரம் திரும்பி நடக்க வேண்டும். இதில் சலிப்பு வேண்டாம். அவரும் இந்த ஊர்களுக்கு இடையே இப்படித்தான் போவதும் வருவதுமாக நடந்தார்.

தைப்பூசம் முடிந்த மூன்றாம் நாள் இதே வழியில் பெரிய ஊர்வலம் ஒன்று நடக்கிறது. ஞானசபையிலிருந்து பூவால் அலங்கரித்த பல்லக்கில் பேழையை வைத்து, வள்ளலார் நடந்த பாதையிலேயே ஊர் ஊராக மேட்டுக்குப்பத்துக்குத் தூக்கிச் செல்கிறார்கள். வழியிலுள்ள ஊரார் மோரும் தண்ணீரும் சுண்டலும் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஜப்பான் நாட்டிலும் இதைப் போல ஒரு வழக்கம் உண்டு என்று படித்தோம். ஷிகோக்கு என்னும் தீவில், கோபோ தாய்ஷி என்ற பழங்காலத் துறவியின் பெயரால் 88 கோயில்களைச் சுற்றி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நடக்கிறார்கள். வழியிலுள்ள ஊர்க்காரர்களும் கடைக்காரர்களும் நடந்து வருபவரை நிறுத்தித் தேநீர், பழம், சில்லறைக் காசு கொடுப்பார்களாம். ‘ஒசெத்தாய்’ என்று அதற்குப் பெயர். கொடுத்தால் மறுக்கக் கூடாது என்பது முறை. நடப்பவன் வாங்கிக்கொள்வதால் கொடுப்பவனுக்கும் அந்த யாத்திரையில் பங்கு கிடைக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. கடையை விட்டு நகர முடியாதவனுக்கு வசதியான ஏற்பாடு. மேட்டுக்குப்பம் பாதையில் கடை வைத்திருப்பவர்கள் தெரிந்தோ தெரியாமலோ இதைத்தான் செய்துவருகிறார்கள்.

மேட்டுக்குப்பத்தில் அவர் தங்கிய இல்லம் முன்பு வைணவ ஆசாரியர்கள் ஊருக்கு வரும்போது தங்குவதற்காகக் கட்டிவைக்கப்பட்டது. ஆளில்லாமல் கிடந்த அந்த வீட்டில் 1870இல் அவர் குடியேறி, சித்திவளாகம் என்று பெயரிட்டார். 1873 அக்டோபர் 22ஆம் நாள் அங்கே மஞ்சளும் வெள்ளையுமான சன்மார்க்கக் கொடியை ஏற்றி, நீண்ட உபதேசம் செய்தார். அந்த ஆண்டு கார்த்திகையில், தம் அறையில் எரிந்த விளக்கை வெளியே கொண்டுவந்து வைத்து, அதை வழிபட்டு வரும்படி அன்பர்களிடம் சொன்னார். 1874 ஜனவரி 30, வெள்ளிக்கிழமை இரவு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன் பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை. அன்பர்கள் அவர் ஒளியுடம்பு பெற்றார் என்று கொள்கிறார்கள். தென்னாற்காடு மாவட்டத்தைப் பற்றிய அரசுக் கையேட்டிலும், அவர் அறைக்குள் போனதும் பிறகு காணப்படாததும் குறிக்கப்பட்டிருக்கின்றன.

அந்த அறைக் கதவுக்கு முன்னே நாங்கள் நால்வரும் உட்கார்ந்தோம். ஆண்டில் அந்த மூன்றாம் நாள் மட்டும் நண்பகல் 12 மணியிலிருந்து மாலை 6 மணி வரை திருவறை தரிசனம் உண்டு. நாங்கள் போன நாள் சாதாரண நாள். சென்னையிலிருந்தபோது, 1854இல் அவர் எழுதிய மனுமுறை கண்ட வாசகத்தில், மனுநீதிச் சோழன் தன் குற்றம் என்ன என்று எண்ணிப் பார்க்கும் ஒரு நீண்ட பட்டியல் வருகிறது. வேலை வாங்கிக்கொண்டு கூலியைக் குறைப்பதும், பசித்து வந்தவர் முகத்தைப் பாராமலிருப்பதும் அதில் உண்டு. பள்ளியில் படித்தபோது பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பட்டியல். இப்போது அதில் எத்தனை நம் தொழிலைப் பற்றியது என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டோம். இருட்டிவிட்டது. வடலூருக்குத் திரும்ப ஆட்டோ பிடித்தோம்.

போக விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். கூட்டத்துக்கு அஞ்சுபவர்கள் தைப்பூசத்தை விட்டு வேறு நாளில் போகலாம். மாதப் பூச நாளாக இருந்தால் நடையும் முடியும், இரவில் ஜோதியும் பார்க்கலாம். சித்திரை, வைகாசி வேண்டாம். மார்கழி முதல் மாசி வரை நடக்க ஏற்ற காலம். காலை ஏழு மணிக்குள் கருங்குழியிலிருந்து கிளம்பிவிட வேண்டும். பகல் உணவைத் தருமச்சாலையில் எல்லாரோடும் பந்தியில் உட்கார்ந்து உண்ண வேண்டும். கட்டுச்சோறு கொண்டுபோக வேண்டாம். சரக்கு கொடுப்பவர்கள் முன்னதாக விசாரித்து, என்ன தேவை என்று கேட்டுக்கொண்டு கொடுத்து இரசீது பெற்றுக்கொள்ளவும். தைப்பூசத்தில் எல்லாரும் கொடுப்பார்கள்; ஐப்பசி மழையில் கொடுத்தால் கூடுதல் உதவி.

அடுத்த நடைக்குச் சேர விரும்புவோர் சங்கக் கட்டடத்தில் பெயர் கொடுக்கலாம். இதுவரை பதினொருவர் சேர்ந்திருக்கிறார்கள். செருப்பு பழையதாக இருக்கட்டும். சென்ற முறை அரிசி மண்டிக்காரர் இதற்கென்று புதுச் செருப்பு வாங்கி வந்து, பார்வதிபுரம் எல்லையிலேயே அதைக் கையில் தூக்கிக்கொண்டார்.